நிழலுக்குக் கறுப்பு வேண்டாம்

காலை எட்டு மணி வெயிலில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் ஒரு வெள்ளைக் குவளையை வையுங்கள். தூரிகையைத் தொட வேண்டாம். துணியில் விழுந்திருக்கும் நிழலை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். முதலில் அது சாம்பல் நிறமாகத்தான் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தால் சாம்பலுக்குள்ளிருந்து நீலம் கசியத் தொடங்கும். பிறகு குவளையின் நிழல் பக்கத்துக்குக் கண்ணை நகர்த்துங்கள். வெயில் பட்ட துணியிலிருந்து தெறித்த வெளிச்சம் குவளையின் அடிவயிற்றில் இளமஞ்சளாக ஏறியிருக்கும். ஒரே பொருளின் ஒரே நிழலில் இரண்டு மூன்று நிறங்கள்.

அந்த நிழலை நான் பன்னிரண்டு ஆண்டுகள் வெள்ளையோடு கறுப்பைக் கலந்துதான் வரைந்தேன்.

எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர், இருட்டுக்குக் கறுப்பைச் சேர். பென்சில் வேலையில் கை நன்றாகப் பழகியிருந்ததால் கோடுகளில் பிழை இருக்காது. கட்டடம் நிமிர்ந்து நிற்கும், மரம் மரமாகவே இருக்கும். ஆனால் நட்ட நடுப்பகலில் உட்கார்ந்து வரைந்த படமும் மழை வருவதற்கு முந்தைய மாலைபோல மங்கிக் கிடக்கும். வெயில் போதவில்லை என்று நினைத்து மஞ்சளை அப்புவேன். சுவர் மஞ்சளாகுமே தவிர, அதில் வெயில் அடிக்காது.

விடை ஒரு பனிக்கால ஓவியத்திலிருந்து கிடைத்தது. இம்ப்ரெஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தைச் சேர்ந்த பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே 1868-69 குளிர்காலத்தில், பிரான்சின் எத்ரெத்தா ஊருக்கு அருகே வரைந்த படம் அது. பனி மூடிய தோட்டம், ஒரு படல் வேலி, அதன்மேல் தனியாக உட்கார்ந்திருக்கும் மேக்பை என்ற கறுப்பு-வெள்ளைப் பறவை. சூரியன் வேலிக்குப் பின்னால் இருப்பதால் வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. அந்த நிழல் நீலமும் ஊதாவுமாக இருக்கிறது. 1869-ல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோன் இந்தப் படத்தை ஏற்க மறுத்தது. இன்று அது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நல்ல அச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, வெயில் பட்ட பகுதிகளைக் கையால் மறைத்துப் பார்த்தேன். மிச்சம் இருந்தது வெறும் நீலப் பட்டைகள். கையை எடுத்தேன், வெயில் வந்துவிட்டது. வெயிலின் வெதுவெதுப்பு மஞ்சள் வண்ணத்தில் இல்லை, பக்கத்து நிழலின் நீலத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் கற்ற எல்லாம் அந்த ஒன்றின் விரிவுதான். என் வழியை இங்கே நடந்தபடியே சொல்கிறேன்.

ஏன் நீலம்? திறந்த வெளியில் ஒரு பொருளின்மேல் இரண்டு விளக்குகள் எரிகின்றன. ஒன்று சூரியன், மற்றொன்று வானம் முழுவதும். நிழல் என்பது சூரியன் எட்டாத இடம். அங்கே வானத்தின் நீல வெளிச்சம் தொடர்ந்து விழுந்துகொண்டுதான் இருக்கிறது. அதோடு பக்கத்துச் சுவர், தரை, புல் எல்லாம் தங்கள் நிறத்தைத் தெறிக்கவிடும். அதனால் புல்தரைமேல் நிற்கும் வெள்ளைச் சட்டையின் நிழலில் மேல்நோக்கிய மடிப்பு நீலமாகவும், கீழ்நோக்கிய மடிப்பு பச்சையாகவும் இருக்கும். மேகம் மூடிய நாளில் இந்தக் கணக்கு செல்லாது. நேர் வெயில் வராத ஜன்னல் ஓரத்திலும் செல்லாது. அங்கே வெளிச்சமே வானத்தின் குளிர்ந்த வெளிச்சம், நிழல்தான் வெதுவெதுப்பாக, அதாவது மஞ்சள், சிவப்புப் பக்கம் சாய்ந்து, தோன்றும். ஆகவே "நிழல் என்றால் நீலம்" என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். நானும் ஒரு வருடம் அப்படி மனப்பாடமாக வரைந்து, கறுப்புக்குப் பதில் நீலத்தைப் பூசிக்கொண்டிருந்தேன். இந்த நிழலை எந்த விளக்கு தொடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதைக் காணவிடாமல் தடுப்பது நம் மூளை. வெள்ளைத் துணி என்று தெரிந்துவிட்டால், நிழலில் இருந்தாலும் அதை வெள்ளையாகவே காட்டும். அன்றாட வாழ்க்கைக்கு அந்தத் திருத்தம் தேவை. ஓவியருக்கு அது திரை. அமெரிக்க ஓவியர் லில்லா கேபட் பெர்ரி, மோனே வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தில் அவருடைய அண்டை வீட்டில் பல கோடைகள் தங்கியவர். மோனே அவருக்குச் சொன்ன அறிவுரையை எழுதி வைத்திருக்கிறார்: எதிரே இருப்பது மரமா, வீடா, வயலா என்பதை மறந்துவிட வேண்டும், இங்கே ஒரு சின்ன நீலச் சதுரம், அங்கே ஒரு இளஞ்சிவப்புப் பட்டை என்று மட்டும் பார்த்து அதையே வைக்க வேண்டும். பிறவியிலேயே பார்வையில்லாதவராக இருந்து திடீரென்று பார்வை பெற்றிருந்தால், எதிரே இருப்பவை என்ன பொருள்கள் என்று தெரியாமலே வரையத் தொடங்கியிருக்கலாமே என்றும் மோனே ஆசைப்பட்டாராம். அந்த ஆசை எனக்கு மிக நன்றாகப் புரிகிறது.

நம்மால் முடிந்தது ஓர் அட்டை. கையகல அட்டையில் இரண்டு பக்கமும் ஒரே நடுத்தரச் சாம்பல் வண்ணம் பூசி, விரல் நக அளவில் இரண்டு துளைகள் போடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஒரு துளையில் துணியின் வெயில் பகுதி, மற்றதில் நிழல் பகுதி தெரியும்படி நகர்த்துங்கள். துளைக்குள் துணி இருக்காது, இரண்டு வண்ணத் துண்டுகள் மட்டும் இருக்கும். முதல் தடவை அந்த நிழல் துண்டைப் பார்த்தபோது அட்டையில் நீலம் ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துப் பார்த்தேன். ஒரு மாதம் இந்த அட்டை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். பேருந்து நிறுத்தத்தில், மாடியில், எங்கும் எடுத்துப் பாருங்கள். பிறகு அது இல்லாமலே தெரியும்.

ஆனால் நிறத்துக்குள் போகும் முன் இருள்-வெளிச்ச அளவைப் பிடிக்க வேண்டும். ஓவியர்கள் இதை டோன் என்பார்கள். நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்து விழுந்தேன். நீலம் கண்டுபிடித்த உற்சாகத்தில் நிழல்களை அழகழகாக, வெளிறிய நீலமாக வரைந்தேன். வெயில் மறுபடியும் காணாமல் போனது. நிழல் நிறமுள்ளதாக இருக்கலாம், ஆனால் இருண்டதாகவும் இருந்தாக வேண்டும். ஒரே நிறப் பொருளில், நிழல் பகுதியின் மிக வெளிச்சமான இடம்கூட வெயில் பகுதியின் மிக மங்கிய இடத்தைவிடச் சற்று இருண்டே இருக்கும். இந்த ஒரு வரியை என் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

பழகும் முறை எளிது. கண்ணைப் பாதி சுருக்கிப் பாருங்கள். விவரங்கள் போய், மூன்று அல்லது நான்கு பெரிய அளவுகள் மட்டும் நிற்கும். அதே குவளையை ஒரே ஒரு நிறத்தாலும் வெள்ளையாலும் வரையுங்கள். இருபது முறையாவது. வரைந்ததைக் கைப்பேசியில் கறுப்பு-வெள்ளைப் புகைப்படமாக எடுத்து, குவளையின் கறுப்பு-வெள்ளைப் படத்தோடு ஒப்பிடுங்கள். நிறத்தைப் பார்க்கும்போது மட்டும் கண்ணைச் சுருக்காதீர்கள், நிறம் மங்கிவிடும்; அகலத் திறந்து, பொருளின் மையத்தைக் கூர்ந்து நோக்காமல் முழுக் காட்சியையும் ஒன்றாக வாங்குங்கள்.

டோனும் நிறமும் வேறு வேறு என்பதற்கு இம்ப்ரெஷனிச இயக்கத்துக்குப் பெயர் கொடுத்த படமே சாட்சி. லு ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலை மோனே 1872-ல் வரைந்தார். 1874 ஏப்ரலில் பாரிஸில், புகைப்படக்காரர் நாதாரின் பழைய ஸ்டூடியோவில் நடந்த அந்த இயக்கத்தின் முதல் கண்காட்சியில் அது தொங்கியது. அதன் செம்மஞ்சள் சூரியன் கண்ணைப் பறிக்கும். படத்தைக் கறுப்பு-வெள்ளையாக்கினால் அந்தச் சூரியன் சுற்றியுள்ள வானத்தில் ஏறக்குறைய கரைந்துவிடும். இரண்டுக்கும் ஒளியளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். நிற வேறுபாடு மட்டுமே அதைத் தனியாக நிறுத்துகிறது. நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கியிருக்கிறார்: ஒளியளவை உணரும் பார்வைப் பாதைக்கு அந்தச் சூரியன் சரியாகப் புலப்படுவதில்லை, நிறத்தை உணரும் பாதைக்குப் புலப்படுகிறது, அதனால்தான் அது துடிப்பதுபோல் இருக்கிறது. நீங்களே கைப்பேசியில் செய்து பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்த நாளில் நான் வேறு எதுவும் வரையவில்லை.

வண்ணத் தட்டைச் சுருக்குங்கள். மோனே 1905-ல் எழுதிய கடிதத்தில், தான் பயன்படுத்துபவை என்று ஆறு பெயர்களைத்தான் சொல்கிறார்: ஈய வெள்ளை, கேட்மியம் மஞ்சள், வெர்மிலியன் என்ற பளிச்சென்ற சிவப்பு, ஆழ்ந்த மேடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. ஈயமும் வெர்மிலியனில் உள்ள பாதரசமும் நஞ்சு. நான் டைட்டானியம் வெள்ளையும் கேட்மியம் சிவப்பும் வைத்துக்கொள்கிறேன். கேட்மியத்தையும் உலர்ந்தபின் தேய்த்துத் தூளாக்காமல், கையைக் கழுவிவிட வேண்டும். கூடுதலாக ஓர் அல்ட்ராமரின் நீலம். வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். மோனேக்கு 1912-ல் கண்புரை என்று தெரிந்தது, 1923-ல்தான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார். இடையில் நிறங்கள் பழுப்பேறித் தெரிந்த ஆண்டுகளில் குழாயின் பெயர்ச்சீட்டையும் தட்டில் வண்ணங்கள் இருக்கும் வரிசையையும் நம்பியே வேலை செய்தார். நல்ல கண்ணுள்ள நமக்கும் அந்த ஒழுங்கு உதவும்: வெயில் நகரும் அவசரத்தில் கை தானாகப் போய் நிற்க வேண்டும்.

கறுப்பு இல்லாமல் இருட்டை எப்படிக் கொண்டுவருவது? மேடர் சிவப்பையும் மரகதப் பச்சையையும் கலந்து பாருங்கள். ஏறக்குறைய கறுப்பே வரும். ஆனால் சிவப்பைக் கூட்டினால் வெதுவெதுக்கும், பச்சையைக் கூட்டினால் குளிரும். அதில் வெள்ளை சேர்த்தால் உயிருள்ள சாம்பல்கள் வரிசையாகக் கிடைக்கும். கறுப்பு பாவம் என்று நான் சொல்லவரவில்லை. அதே 1874 கண்காட்சியில் வைக்கப்பட்ட, மோனேயின் சக ஓவியர் ரெனுவாரின் நாடகக் கொட்டகைப் படத்தில், பெண்ணின் உடையில் ஓடும் கறுப்புப் பட்டைகள் எவ்வளவு செழிப்பானவை! அவர் கறுப்பை ஒரு நிறமாக வைத்தார், நான் அழுக்காக வைத்தேன். அதனால் கற்கும் காலத்தில் மட்டுமாவது குழாயைத் தள்ளி வையுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்ப எடுத்தேன், இப்போது மதிப்போடு பயன்படுத்துகிறேன்.

நிறம் தனியாக இருப்பதில்லை, பக்கத்து நிறத்தோடு சேர்ந்தே பிறக்கிறது. பாரிஸின் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் அருகில் மங்குகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறையில்லை. அருகில் இருந்த நூல்களின் நிறம்தான் கண்ணை மாற்றியிருந்தது. ஒரு நிறம் தன் எதிர்நிறத்தைப் பக்கத்தில் எழுப்பும் என்பதை 1839-ல் நூலாகவே வெளியிட்டார். நடைமுறையில் இதன் பொருள்: செம்மஞ்சள் பளிச்சிடவில்லையென்றால் அதைத் தொடாதீர்கள், பக்கத்தில் கொஞ்சம் மங்கிய நீலத்தை வையுங்கள். என் படங்களில் பாதித் திருத்தம் பக்கத்து வீட்டில்தான் நடக்கிறது.

குவளை கைவந்தபின் மரக்கட்டைகளுக்குப் போங்கள். செங்கல் அளவுக் கட்டைகள் நான்கைந்துக்கு வெவ்வேறு நிறம் பூசி வெயிலில் அடுக்கி, ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே தட்டையான நிறமாக வையுங்கள். இது அமெரிக்காவின் புராவின்ஸ்டவுனில் ஹென்றி ஹென்ஷே மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. அவருடைய ஆசிரியர் சார்லஸ் ஹாதார்ன் 1899-ல் அங்கே பள்ளி தொடங்கியவர். கடற்கரை வெயிலில் மாதிரியை நிறுத்தி, முகத்தின் விவரங்களுக்குள் மாணவர்கள் புகுந்துவிடாதபடி மக்குக் கத்தியால் வரையச் சொன்னார். மூக்கும் கண்ணும் இல்லாத அந்தப் படங்களுக்கு "சேற்றுத் தலைகள்" என்று பெயர். தெரிந்த கோட்டை நம்பி வாழ்ந்த எனக்கு இந்தக் கட்டைகள்தான் பெரிய மருந்தாக இருந்தன. மஞ்சள் கட்டையின் நிழல் பக்கம் பச்சையா பழுப்பா என்று மட்டும் ஒரு வாரம் போராடியிருக்கிறேன்.

தூரிகை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தட்டைத் தூரிகை, 12 மில்லிமீட்டர் அகலம், மூன்று போதும். வண்ணத்தைத் தட்டில் மூன்று புரட்டுக்கு மேல் கலக்காதீர்கள், முழுதும் கலந்தால் செத்துப்போகும். ஒரு தீற்றல் வை, துணியில் துடை, அடுத்ததை எடு. வைத்ததை மீண்டும் தடவாதீர்கள். 1869 கோடையில் மோனேயும் ரெனுவாரும் சேன் நதிக்கரையில் லா கிரெனூயேர் என்ற படகுத்துறையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து வரைந்த நீரைப் பாருங்கள்: அலை கிடையாது, படுக்கைவாக்கில் கிடக்கும் தனித்தனித் தீற்றல்கள்தான், பத்தடி தள்ளிப் போனால் நீர் அசைகிறது. எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயவையுங்கள்.

பிறகு வெளியே போக வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் 1841-ல் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெறும்வரை எண்ணெய் வண்ணம் பெரும்பாலும் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி விற்கப்பட்டது. குழாய் வந்ததால்தான் வண்ணம் வயலுக்கு வந்தது. மோனே 1870-ல் ட்ரூவில் கடற்கரையில் வரைந்த படம் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதன் வண்ணத்துக்குள் மணல் துகள்கள் புதைந்திருக்கின்றன. காற்றில் பறந்த மணல். அங்கேயே வரைந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

வெளியில் நான் செய்த பெரிய பிழை, கான்வாஸை வெயிலிலேயே நிறுத்தியது. வெயில் பட்ட கான்வாஸ் பளீரென்று இருப்பதால் கை தானாக இருட்டாகக் கலக்கும்; வீட்டுக்குள் கொண்டுவந்தால் படம் கரி. கான்வாஸ், தட்டு இரண்டும் ஒரே நிழலில் இருக்கட்டும். குடை போதும்.

அடுத்து நேரம். மோனே 1890 கோடையின் இறுதியில் தொடங்கி அடுத்த ஆண்டுவரை ஜிவெர்னியின் வைக்கோல் போர்களை ஏறக்குறைய 25 கான்வாஸ்களில் வரைந்தார். 1891 மே மாதம் அவற்றில் 15 பாரிஸில் காட்சிக்கு வந்தன. வெளிச்சம் மாறினால் கான்வாஸை மாற்றுவார். பாப்லர் மரங்களை வரைந்த படத்தொடரில் ஒரு படத்துக்கு உரிய வெளிச்சம் ஏழே நிமிடம்தான், ஒரு குறிப்பிட்ட இலையிலிருந்து வெயில் விலகும்வரை, என்று பெர்ரி அம்மையார் குறித்திருக்கிறார். நமக்கு ஏழு நிமிடம் போதாது. 15க்கு 20 சென்டிமீட்டர் பலகைகள் நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு, ஒன்பது, நண்பகல், மாலை ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், அதற்கு மேல் ஒரு தீற்றல்கூடக் கூடாது. மறுநாள் அதே நேரத்தில் அதே பலகை. பின்புறம் தேதி, நேரம், வானம் எப்படி என்று எழுதுங்கள். ஒரே சுவர், ஒரே மரம், ஒரே இடம். இடம் மாற மனம் கெஞ்சும். மாற்றாதீர்கள், பத்தாவது நாள்தான் அந்தச் சுவர் பேசத் தொடங்கும்.

மரத்தடி நிழலில் சிதறிக் கிடக்கும் வெயில் பொட்டுகளுக்கு ஒரு தனிச் சொல். ரெனுவார் 1876-ல் வரைந்த மூலேன் த லா கலேத் நடனப் படத்தில் மனிதர்களின் முதுகிலும் தொப்பியிலும் அவை விழுந்திருக்கும். அவற்றை வெள்ளைப் புள்ளிகளாக வைத்தால் சுண்ணாம்பு தெளித்தது போலாகிவிடும். பெரும்பாலும் அவை வட்டமாக இருக்கும், ஏனென்றால் இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் சூரியனின் உருவத்தையே தரையில் வீழ்த்துகின்றன. ஓரங்கள் மென்மையானவை. முதலில் நிழலை முழுவதும் நீலம் கலந்த ஊதாவில் மூடி, அது ஈரமாக இருக்கும்போதே இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த வெள்ளையைத் தடிப்பாக ஒரே அழுத்தில் வையுங்கள். ஈரம் ஓரத்தைத் தானே கரைத்துக்கொள்ளும்.

பலகைகள் காய்ந்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். அவற்றைக் கலைத்துச் சுவரோரம் நிறுத்தி, ஓவியம் வரையாத என் தோழி ஒருத்தியை மூன்று மீட்டர் தள்ளி நிற்கவைத்து, ஒவ்வொன்றும் எந்த நேரம் என்று கேட்பேன். படம் நன்றாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. முதல் வருடம் எல்லாவற்றுக்கும் "சாயங்காலம்" என்றாள். சென்ற மாதம் ஒன்றைக் கையில் எடுத்து, "காலை, ஒன்பதுக்குள் இருக்கும்" என்றாள். திருப்பிப் பார்த்தோம்: 8.50, மேகமில்லை. நண்பகல் பலகைகளை மட்டும் அவளால் இன்னும் சொல்ல முடியவில்லை. அப்போது நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது, கீழிருந்து தெறிக்கும் வெளிச்சம் அதன் நீலத்தைத் தின்றுவிடுகிறது. கூரையடி விளிம்பில் மட்டும் ஒரு செம்மஞ்சள் தெரிகிறது. நாளை பன்னிரண்டு மணிக்கு அந்த விளிம்பை மட்டும், தனிப் பலகையில் வரையப்போகிறேன்.